நிஸ்ஸன் ஆப்பரேஷன் முடிந்து ஐந்து மாதம்: எண்டோஸ்கோப்பி ‘நார்மல்’, வலி மட்டும் நிற்கவில்லை

கல்லணை_ஓரம்

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 44, சர்க்கரை கிடையாது. நெஞ்செரிச்சலுக்காக லேப்ராஸ்கோப்பியில் நிஸ்ஸன் ஃபண்டோபிளிகேஷன் (இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் தைப்பது), 360 டிகிரி. எரிச்சல் போய்விட்டது. வலி இரண்டு விதம்: இடது விலா எலும்புக்குக் கீழே எப்போதும் குத்தல், சாப்பிட்டால் மேல்வயிறு கல் போல ஆவது.

ரிப்போர்ட்டுகள்:
எண்டோஸ்கோப்பி: ‘வ்ராப் இன்டாக்ட்’ (சுற்று அப்படியே இருக்கிறது), நார்மல்.
ஹை ரெசல்யூஷன் மனோமெட்ரி (உணவுக்குழாய் அழுத்தச் சோதனை): ஐஆர்பி (விழுங்கும்போது அடி வால்வு தளர்ந்த பிறகும் மிஞ்சும் அழுத்தம்) 19. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் அடைப்பு, அதாவது ‘ஈஜிஜே அவுட்ஃப்ளோ அப்ஸ்ட்ரக்‌ஷன்’.
கேஸ்ட்ரிக் எம்ப்டியிங் ஸ்கேன் (இரைப்பை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பார்ப்பது): 4 மணி நேரத்தில் 24% மீதி. ‘ஆப்பரேஷனுக்குப் பிந்தைய கேஸ்ட்ரோபரேசிஸ் (இரைப்பை மந்தம்), வேகஸ் நரம்பு (இரைப்பையை இயக்குவது) சேதமா என்று பார்க்கவும்’.

மாத்திரை: டேபென்டடால் 50 காலை-இரவு, டோம்பெரிடோன் 10 மூன்று வேளை, பான்டோபிரசோல் 40, அமிட்ரிப்டிலின் 10 இரவு.

ஒரு டாக்டர் சுற்றியதைப் பிரித்து மறுபடி செய்யலாம் என்கிறார். இன்னொருவர் நரம்பு போயிற்று, பழகிக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

மனோமெட்ரி_மேசை

ஒரே கேள்வி. இரண்டு சோதனைக்கும் முன்னால் டேபென்டடாலை நிறுத்தச் சொன்னார்களா?

கல்லணை_ஓரம்

இல்லை. அன்று காலைகூட போட்டுக்கொண்டுதான் போனார். வலியோடு உட்கார முடியாது என்று.

மனோமெட்ரி_மேசை

அப்படியானால் அந்த இரண்டு பெயரையும் இப்போதைக்குப் பென்சிலில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டேபென்டடால், டிரமடால் எல்லாம் ஓபியாய்டு வகை. அவை உணவுக்குழாயின் அடி வால்வைத் தளரவிடாமல் பிடித்து வைக்கும், ஐஆர்பி ஏறும். ஓபியாய்டு சாப்பிடுகிறவர்களிடம் அகலேசியா (அந்த வால்வு தளராத நோய்) மாதிரியே வரைபடம் வருவதுண்டு. இதே மருந்து இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்தும். ஆக ஒரே மாத்திரை இரண்டு சோதனையையும் ஒரே திசையில் தள்ளியிருக்கலாம்.

அடுத்தது அந்த 19. மனோமெட்ரியைப் படிக்க உலக அளவில் வைத்திருக்கும் சிகாகோ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு (2021) படுத்த நிலையில் 15-ஐ எல்லையாக வைக்கிறது (சில கருவிகளுக்கு வேறு எண்). அந்த எல்லை ஆப்பரேஷன் ஆகாத ஆட்களை வைத்துப் போட்டது. இரைப்பையை எடுத்து வால்வைச் சுற்றித் தைத்த பிறகு எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஏறுவதற்காகத்தான் தைத்ததே. அதே பதிப்பு இன்னொன்றும் சொல்கிறது: எண்ணை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவு கட்டாதே, விழுங்க முடியாமை அல்லது நெஞ்சுவலி இருக்க வேண்டும், அதோடு டைம்டு பேரியமோ (பேரியம் குடிக்கவைத்து நிமிடக் கணக்கில் எடுக்கும் எக்ஸ்ரே) ஃப்ளிப் சோதனையோ (வால்வுக்குள் பலூன் வைத்து விரிவதை அளப்பது) ஒத்துவர வேண்டும். உங்கள் பட்டியலில் இரண்டுமே இல்லை.

எம்ப்டியிங் ஸ்கேனில் 4 மணிக்கு 10%-க்கு மேல் மீதி இருந்தால் தாமதம். 24% நடுத்தரம். ஆனால் அதற்கு முன் 48 முதல் 72 மணி நேரம் ஓபியாய்டு, டோம்பெரிடோன் மாதிரி குடலைத் தள்ளும் மருந்து, அமிட்ரிப்டிலின் மாதிரி குடலை மந்தமாக்கும் மருந்து எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. படம் 4 மணி வரை எடுத்தார்களா, ஒன்றரை மணியில் நிறுத்திக் கணக்கிட்டு எழுதினார்களா என்றும் பாருங்கள். மெஷினுக்குக் கூட்டம் அதிகம் என்றால் அப்படி நடக்கும்.

இந்த ஸ்கேனுக்கு வழக்கமாக முட்டையில்தான் மருந்து கலந்து கொடுப்பார்கள்; மறுபடி செய்யும்போது முட்டை சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நம் நாட்டில் இட்லியில் மருந்து கலந்தும் இந்த ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் அந்த உணவுக்கான நார்மல் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். முட்டைக்குப் போட்ட அளவை இட்லிக்கு வைத்துப் பார்த்தால் ரிப்போர்ட் செல்லாது.

தையல்முள்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் மருந்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. அந்த மாத்திரையை ஆரம்பித்ததே வலிக்காகத்தானே.

முதல் வேலை ஆப்பரேஷன் நோட் வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் ‘லேப் நிஸ்ஸன் டன்’ என்று ஒரு வரிதான் இருக்கும். நோட்டில் பார்க்க வேண்டியவை: சுற்று எத்தனை செ.மீ. நீளம் (1.5 முதல் 2 வரை வழக்கம்), உள்ளே எந்த அளவு பூஜி குழாய் (சுற்று இறுகாமலிருக்க உணவுக்குழாய்க்குள் வைப்பது) வைத்துத் தைத்தார்கள், ஷார்ட் கேஸ்ட்ரிக் ரத்தக்குழாய்களை (இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் நடுவே உள்ளவை) பிரித்தார்களா, உதரவிதானத் துளைக்கு எத்தனை தையல், மெஷ் (வலைத்துணி) வைத்தார்களா, இரண்டு வேகஸ் நரம்பையும் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறதா. 1956-ல் ருடால்ஃப் நிஸ்ஸன் எழுதிய முதல் முறையில் சுற்று நீளமாக இருந்தது, இறுக்கமும் அதிகம். ஏப்பம் விட முடியாத தொல்லை அதோடுதான் பேசப்பட்டது. பிறகுதான் குட்டையாகவும் தளர்வாகவும் ஆக்கினார்கள்.

இரண்டாவது, ஆப்பரேஷனுக்கு முன் எடுத்த மனோமெட்ரி. அது இல்லையென்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். அகலேசியாவுக்கும் நெஞ்செரிச்சல் வரும். அதை ரிஃப்ளக்ஸ் (அமிலம் மேலேறுவது) என்று நினைத்து 360 டிகிரி சுற்றினால் விழுங்கவே முடியாத நிலைக்குப் போகும்.

மூன்றாவது, பேரியம். நின்றபடி குடிக்கவைத்து 1, 2, 5 நிமிடத்தில் படம். 5 நிமிடத்திலும் 2 செ.மீ.க்கு மேல் தங்கியிருந்தால் கவனிக்க வேண்டியது. கூடவே 13 மி.மீ. பேரியம் மாத்திரை; அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம். சுற்றின் மேல் ஓரத்திலேயே நின்றால் இறுக்கம். சுற்றுக்கு மேலே இரைப்பையின் ஒரு பை தெரிந்தால் சுற்று கீழே வழுக்கியிருக்கிறது. மொத்தமும் நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் தையல் விட்டிருக்கிறது. எண்டோஸ்கோப்பியில் இதெல்லாம் தப்பலாம். உள்ளே போய்க் குழாயைத் திருப்பி மேல்நோக்கிப் பார்த்தபோது எடுத்த படம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ‘வ்ராப் இன்டாக்ட்’ என்று எழுதியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

நெல்லை_வலிமருந்து

எல்லோரும் வயிற்றுக்குள்ளேயே தேடுகிறீர்கள். அந்த முதல் வலியை மறுபடி படியுங்கள். இடது விலாவுக்குக் கீழே, எப்போதும், சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல். இந்த ஆப்பரேஷனில் சர்ஜனின் வலது கைக் கருவி பெரும்பாலும் அங்கேதான் நுழையும்; பல இடங்களில் அது 10 மி.மீ. துளை. வயிற்றுத் தசையில் ஊடுருவி வரும் தோல் நரம்பு அங்கே தழும்பில் மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாக்கப் படுக்கவையுங்கள். வலிக்கும் இடத்தை ஒரு விரல் நுனியால் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையைப் பரப்பிக் காட்டினால் இந்தச் சோதனை அவ்வளவு உதவாது. விரல் நுனியால் காட்டினால் அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டே கையைக் கட்டி, தலையையும் தோளையும் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். தசை இறுகும்போது உள்ளுறுப்பு வலி குறைய வேண்டும், தசை அதற்குக் கவசமாகிவிடுவதால். வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ வலி வயிற்றுச் சுவரில். இதற்குக் கார்னெட் சோதனை என்று பெயர். பிறகு அந்த இடத்துத் தோலைக் கிள்ளிப் பாருங்கள், வலது பக்கத்தோடு ஒப்பிட்டு. பஞ்சால் தடவினால் மரத்தமாதிரியோ எரிச்சலாகவோ இருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

உறுதியானால் வலி மருத்துவரோ மயக்க மருத்துவரோ அல்ட்ராசவுண்ட் பார்த்து 1% லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து) 5 முதல் 10 மி.லி. அந்தப் புள்ளியில் போடுவார். அரை மணிக்குள் வலி பாதிக்கு மேல் இறங்கினால் அதுவே நோய் நிர்ணயம், அதுவே வைத்தியத்தின் ஆரம்பமும். மருந்தின் வேலை சில மணி நேரம்தான். ஆனாலும் சிலருக்கு வலி வாரக்கணக்கில் வராது. சிலருக்குத் திரும்பப் போட வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கிளை நரம்பை வெட்டும் சிறு அறுவையும் உண்டு. இடையில் 5% லிக்னோகெயின் ஒட்டுப்பட்டை, 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடலாம்.

இந்த வலிக்காக சுற்றைப் பிரித்தால் இன்னும் ஐந்து துளைதான் மிச்சம்.

யாழ்_தாதி

தம்பி, நெல்லை அண்ணை சொன்ன சோதனையைச் செய்யுங்கோ. ஆனா அதுக்கு முதல் எப்ப வீட்டில வைச்சிருக்கக் கூடாது எண்டதையும் தெரிஞ்சு வையுங்கோ.

எச்சிலும் இறங்காட்டி. மலம் கறுப்பாப் போனா. நெஞ்சு நோ கை, தாடைக்குப் பரவினா. 44 வயசில ஈசிஜி எடுக்காமல் ‘ஆப்பரேசன் நோ’ எண்டு விடக்கூடாது. கடைசியா ஒண்டு: ஓங்காளிச்சுக்கொண்டே இருந்து, ஒண்டும் வெளிய வராமல், மேல்வயிறு பெருத்து இறுகினா. சுற்று இறுக்கமா இருக்கிற ஆளால சத்தி (வாந்தி) எடுக்க ஏலாமல் இருக்கலாம், காத்து வெளிய போக வழியில்லாமல் இரைப்பை ஊதிப்போகும். அது உடன வைத்தியசாலைக்குப் போற விசயம். மூக்கால குழாய் விட்டுக் காத்தை எடுக்க வேணும். ஓங்காளிப்பு நீண்டா சுற்றும் கழரும். அதால சத்தி குணம் வந்த உடனேயே மருந்து கேக்க வேணும், பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

எலுமிச்சை_இஞ்சி

ஐயா இவ்வளவு சிக்கல் எதற்கு. வயிறு கல் மாதிரி என்றால் காற்றுதான். ஒரு கோலி சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் ஏப்பம் வந்து இறங்கிவிடும். இரவு இசப்கோல் இரண்டு ஸ்பூன்.

கஞ்சிக்கலயம்

ஐயா மன்னிக்கவும், இவருக்கு இரண்டுமே ஆகாது. சோடா, நுரைக்கும் ஆன்ட்டாசிட் தூள் எல்லாம் வயிற்றில் வாயுவை உண்டாக்கித்தான் ஏப்பம் வரவைக்கின்றன. சுற்று போட்டவருக்கு வாயு உண்டாகும், ஏப்பம் வராது. இசப்கோல் தண்ணீரில் பல மடங்கு உப்பும் நார்; இறுகிய வால்வுக்கு மேலோ மந்தமான இரைப்பையிலோ கட்டியாக நின்றுவிடும். மலச்சிக்கலுக்கு பாலிஎத்திலின் கிளைகால் தூள் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது தேவலை. லாக்டுலோஸ் சிரப் வாயுவைக் கூட்டும். டேபென்டடால் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் வரலாம், அந்த உப்புசத்தையும் இரைப்பைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

சாப்பாடு பற்றி. ஸ்கேன் முடிவு எதுவாக வந்தாலும் இப்போதைக்கு மந்தமான இரைப்பை என்றே நினைத்து ஊட்டுங்கள், கெடுதல் இல்லை.

ஆறு வேளை. ஒரு வேளைக்கு 150 முதல் 200 மி.லி., ஒரு சின்னக் கிண்ணம். தண்ணீர் அரை மணி முன்னேயோ பின்னேயோ. கொழுப்பு குறைவாக, நெய், தேங்காய்ப்பால் குழம்பு, வறுவல் எல்லாம் இரைப்பையில் நீண்ட நேரம் உட்காரும். நார் குறைவாக, முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, பலாச்சுளை, ஆரஞ்சின் வெள்ளைத் தோல் வேண்டாம். கத்தரிக்காய், பூசணி, கேரட், பீர்க்கு தோல் சீவி, நசுங்கும் வரை வேகவைத்து.

ஒட்டிக்கொள்பவை தனி ரகம்: பரோட்டா, சப்பாத்தி, பிரெட், உதிரியான சோறு, ஆட்டுக்கறி. இவை மாவாகத் திரண்டோ நாராகவோ வால்வில் நிற்கும். பருப்பு விட்டுக் குழைத்த சோறு, ரசத்தில் ஊறிய இட்லி, இடியாப்பத்தில் பால், ஆவியில் வேகவைத்த மீன் இறங்கும். தோசையில் நடுப்பகுதி சரி, முறுகல் ஓரம் வேண்டாம். ஒரு வாய்க்கு அரை ஸ்பூன், மென்று கூழாக்கி, விழுங்கி, அது இறங்கியது தெரிந்த பின் அடுத்தது.

புரதம்தான் முதலில் குறையும். நாளைக்கு 60 கிராம் இலக்கு வைத்தால், முட்டை ஒன்று 6, பால் 100 மி.லி. 3, பருப்பு 30 கிராம் 7 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், வெறும் கஞ்சியில் பாதிகூட வராது. மோர், முட்டை வெள்ளை, நீர்க்கப் பருப்பு வைத்து நிரப்ப வேண்டும். எடை வாரம் ஒருமுறை, அதே தராசில்.

சூயிங்கம், ஸ்ட்ரா, சாப்பிடும்போது பேச்சு, இவையெல்லாம் காற்றை விழுங்கவைக்கும். ரிஃப்ளக்ஸ் இருந்த காலத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கிப் பழகியவர்கள் ஆப்பரேஷனுக்குப் பிறகும் அதைத் தொடர்வார்கள்.

மாத்திரை: பான்டோபிரசோலை நசுக்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். டேபென்டடாலில் மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. அதை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும், அது ஆபத்து.

எலுமிச்சை_இஞ்சி

சரிங்க. இசப்கோல் விஷயம் எனக்குத் தெரியாது.

மனோமெட்ரி_மேசை

ஒன்று விட்டுப்போயிற்று. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, பேதி உண்டா? அல்லது 1 முதல் 3 மணி கழித்துக் கைநடுக்கம், பசிமயக்கம்? அது டம்பிங், உணவு இரைப்பையிலிருந்து குடலுக்குச் சட்டென்று இறங்கிவிடுவது. வேகஸ் அடிபட்டால் இரைப்பை மந்தமாகலாம், நேர்மாறாக நீர் உணவு சட்டென்று கொட்டவும் செய்யலாம். மயக்கம் வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். டோம்பெரிடோன் டம்பிங்கைக் கிளப்பிவிடலாம்.

கல்லணை_ஓரம்

படபடப்பு, பேதி எதுவும் இல்லை. நெல்லை அண்ணா, சோதனை செய்து பார்த்தோம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், பெரிய தழும்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே. தலையைத் தூக்கினால் வலி கூடுகிறது. கிள்ளினால் இடது பக்கம் துள்ளுகிறார்.

நெல்லை_வலிமருந்து

சுவர் வலி என்று கிட்டத்தட்ட சொல்லலாம். ஊசி போட்டுப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்லமாட்டேன். பித்தப்பைக் கல்லுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட், கணையத்துக்கு லைபேஸ் ரத்தச் சோதனை இரண்டும் செய்யாமலிருந்தால் செய்துவிடுங்கள், செலவு குறைவு. நாணயம் அளவு வலியைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்தவர்களும் உண்டு.

அமிட்ரிப்டிலினைக் கூட்டிக் கேளுங்கள். 10-ல் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10 கூட்டி 25-30 வரை போவது வழக்கம். நரம்பு வலிக்கு அதுதான் சரியான பாதை.

மனோமெட்ரி_மேசை

இங்கே மாறுபடுகிறேன். எம்ப்டியிங் உண்மையிலேயே தாமதம் என்றால் அமிட்ரிப்டிலின் அதை மேலும் மந்தமாக்கும். 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியாக்காரர்களுக்கு (சோதனையில் காரணம் தெரியாத மேல்வயிற்றுத் தொல்லை உள்ளவர்கள்) 50 மி.கி. உதவியது, ஆனால் இரைப்பை தாமதமாகக் காலியாகிறவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. கேஸ்ட்ரோபரேசிஸில் அமிட்ரிப்டிலினின் உறவு மருந்தான நார்ட்ரிப்டிலினைச் சோதித்த 2013 ஆய்வும் பலனில்லை என்றே முடிந்தது. ஸ்கேன் மறுபடி எடுக்கும் வரை கூட்டாமல் இருப்பது நல்லது.

அதோடு டோம்பெரிடோனும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்தால் இதயத்துடிப்பின் க்யூடி இடைவெளி (ஈசிஜியில் தெரியும், அதிகம் நீண்டால் துடிப்பு தாறுமாறாகும்) நீளலாம். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் இன்னும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே டோம்பெரிடோனை நாளுக்கு 30 மி.கி.க்குள், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

நெல்லை_வலிமருந்து

ஈசிஜி சரி, ஒத்துக்கொள்கிறேன். 10-லேயே நிறுத்தி வையுங்கள். ஆனால் வலியைத் தாங்கிக்கொண்டு டேபென்டடாலை விடச் சொல்வது எழுத சுலபம். ஊசி முதலில், மாத்திரைக் குறைப்பு பிறகு. ஊசியால் வலி இறங்கினால்தான் குறைக்கவே முடியும்.

மனோமெட்ரி_மேசை

அந்த வரிசை சரி. ஐந்து மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வியர்வை, தூக்கமின்மை, வயிற்றுப் பிசைவு, பேதி வரும். அதையே நோய் முற்றியதாக நினைத்துத் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, முழுதாக நின்று உடம்பு அடங்கிய பிறகு மனோமெட்ரி, ஸ்கேன் இரண்டும். சோதனைக்காக மூன்று நாள் மட்டும் நிறுத்துவது இவர் போன்றவர்களுக்குச் சரிவராது.

தையல்முள்

மறு அறுவை பற்றி இரண்டு வார்த்தை. முதல் தடவையை விட ஒட்டுதல் அதிகம், வேகஸ் அடிபடும் வாய்ப்பு அதிகம், பலன் குறைவு. படத்தில் காட்டக்கூடிய கோளாறு இருந்தால்தான் பேச்சே: வழுக்கிய சுற்று, நெஞ்சில் ஏறிய சுற்று, மாத்திரை நிற்கும் இறுக்கம். இறுக்கம் மட்டும் என்றால் முதலில் எண்டோஸ்கோப்பி வழியே பலூன் விரிப்பு, 18-20 மி.மீ.; போதாவிட்டால் 30 மி.மீ. காற்று பலூன். அதற்குப் பிறகே 360-ஐப் பிரித்து 270 டிகிரி டூப்பே சுற்றாக மாற்றுவது.

ஸ்வீடனில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட 2,655 பேரை வைத்து 2017-ல் வெளியான கணக்கில் 17.7% பேருக்கு ரிஃப்ளக்ஸ் திரும்பியது, திரும்பியவர்களிலும் 16.4% தான் மறு அறுவைக்குப் போனார்கள். உங்கள் அக்காவுக்கு எரிச்சலே திரும்பவில்லை. வலிக்காக மட்டும் கத்தி எடுப்பது கடைசிப் படி.

அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் 2019 ஆய்வையும் பாருங்கள். மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று வந்த 366 பேரை முறையாகச் சோதித்தபோது 99 பேருக்கு ஃபங்ஷனல் ஹார்ட்பர்ன். அமிலமே காரணம் இல்லை, நரம்பு உணர்வு கூடியிருக்கிறது. எல்லாம் வடிகட்டிப் பிரித்தெடுத்த 78 பேரில் அறுவை செய்த பிரிவில் 67% தேறினார்கள். தேர்வு சரியாக இருந்தால் அறுவை நன்றாக வேலை செய்கிறது, அதுதான் பாடம்.

கல்லணை_ஓரம்

‘நரம்பு உணர்வு கூடியிருக்கிறது’ என்றால் மனசு சம்பந்தப்பட்டது என்றே டாக்டரும் சொன்னார். அக்கா அதில் நொந்துபோயிருக்கிறார்.

யாழ்_தாதி

மனசாலதான் வருகுது எண்டு அர்த்தம் இல்லை. நோவை மூளைக்குக் கொண்டுபோற நரம்பு கனநாள் தூண்டினா கூருணர்வாகும், வயித்தில மட்டுமில்லை, முதுகிலயும் அப்பிடித்தான். மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுங்கோ: சாப்பிட்டு அரை மணி கழிச்சு, சாய்ஞ்சு இருந்து, ஒரு கை நெஞ்சில, ஒரு கை வயித்தில. வயித்துக் கை மட்டும் எழும்ப வேணும். நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய, ஐஞ்சு நிமிசம், நாளைக்கு மூண்டு தரம். காத்து விழுங்கிற பழக்கமும் இதால குறையும். நித்திரை இல்லாட்டி நோ கூடும், அதையும் வைத்தியரிட்டச் சொல்லுங்கோ.

கல்லணை_ஓரம்

நன்றி எல்லோருக்கும். அப்படியானால் முதலில் வலி மருத்துவர், ஈசிஜி, அல்ட்ராசவுண்ட், லைபேஸ். ஊசியின் பலனைப் பார்த்து டேபென்டடால் குறைப்பு. அதற்கிடையில் டைம்டு பேரியம் எடுக்கலாமா, அதுவும் மாத்திரை நின்ற பிறகா?

தையல்முள்

சுற்றின் வடிவம், வழுக்கல், ஏறியது, இதெல்லாம் இப்போதே தெரியும், எடுத்துவிடலாம். தங்கும் உயரம் மட்டும் மருந்தால் கூடிக் காட்டலாம், அந்த எண்ணுக்கு அப்போது மதிப்புக் கொடுக்காதீர்கள். சீட்டில் ‘நிஸ்ஸன் ஆனவர், நின்ற நிலை, 1-2-5 நிமிடம், 13 மி.மீ. மாத்திரையுடன்’ என்று எழுதி வாங்குங்கள். வெறும் ‘பேரியம் ஸ்வாலோ’ என்று போனால் இரண்டு படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆப்பரேஷன் நோட் கைக்கு வந்ததும் பெயர், நம்பர் மறைத்து இங்கே போடுங்கள். மெஷ் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்போம்.